பெசலெயேல் பெற்ற வரம்



ஒரு மனிதன் தேவ ஆவியால் நிரப்பப்பட்டான் என்று கேட்டவுடன் நமது மனக்கண் முன் யார் தோன்றுகின்றார்? ஒரு தீர்க்கதரிசி தோன்றுவார். ஒரு குரு தோன்றுவார். ஒரு வேதசாட்சி தோன்றுவார். ஆனால் யாத்திராகமத்தின் 31-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சீனாய் மலையிலே ஆண்டவர் மோயீசனிடம் ஒருவனைப் பெயர் சொல்லிக் காட்டுகின்றார். அவன் போதகன் அல்லன், படைத்தலைவனும் அல்லன். ஊரியின் மகனாகிய பெசலெயேல் என்னும் கைவினைஞன் அவன். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், கல்லை வெட்டிப் பதிக்கவும், மரத்தைச் செதுக்கவும் வேண்டிய ஞானத்தையும் அறிவையும் கொடுப்பதற்காகவே தமது ஆவியால் அவனை நிரப்பியதாக ஆண்டவர் அங்கே கூறுகின்றார்.

பின்பு 35-ம் அதிகாரத்தில் மோயீசன் இந்தச் செய்தியை மக்களுக்கு அறிவிக்கின்றார். அப்பொழுது இன்னுமொரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்கின்றார். நாம் வாசித்துக்கொண்டே கடந்துவிடும் சிறிய வார்த்தை அது. பெசலெயேலுக்கும் அவனுடைய துணைவனான ஒகோலியாபுக்கும் வேலைத் திறமையை மட்டுமல்ல, அதைப் பிறருக்குக் கற்பிக்கும் வரத்தையும் ஆண்டவர் அருளினார் என்பதே அது.

இந்த வார்த்தையை மனதில் இருத்திக்கொண்டு, நமது கத்தோலிக்க கல்லூரிகளில் நாள்தோறும் நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றிச் சிந்திப்போம். அதுதான் கணினிக் கல்வி. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஒரு பாடமாக இருக்கின்றது. 2013-ம் ஆண்டில் உயர்தரத்திலே தொழில்நுட்பப் பிரிவும் தொடங்கப்பட்டது. ஆகவே இது எங்கோ தூரதேசத்துப் பேச்சு அல்ல. நமது பிள்ளையின் நேரசூசியில் உள்ள பாடம்.

இப்பாடத்தைப் பற்றி நமது பெற்றோரிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. "சுவாமி, பிள்ளை கொம்பியூட்டர் படிச்சால் எங்கேயாவது போய்ப் பிழைச்சுக்கொள்ளும்" என்பார் ஒருவர். "அந்தப் பெட்டியாலதான் சுவாமி பிள்ளையள் கெட்டுப்போகுதுகள்" என்பார் மற்றவர். முதலாமவர் கணினியைக் கடவுச்சீட்டாகப் பார்க்கின்றார். மற்றவர் அதைச் சோதனைக்காரனாகப் பார்க்கின்றார். இருவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பெசலெயேலை இருவருமே மறந்துவிட்டார்கள். திறமை எங்கிருந்து வருகின்றது, யாருக்காக வருகின்றது என்ற கேள்வியை இருவருமே கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் கிறிஸ்தவ கல்லூரி இருக்கின்றது.

திறமை கொடுத்தவருக்குரியது

நமது சாதாரண தர மாணவர் பலர் ஆண்டுக்கணக்காகக் கற்றுவந்த கணினி மொழி ஒன்றின் பெயர் பஸ்கால். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பிரான்சு தேசத்திலே 1623-ம் ஆண்டு பிறந்த பிளேஸ் பஸ்காலின் பெயர் அது. அவருடைய தந்தை ருவான் நகரில் வரி அறவிடும் பொறுப்பில் இருந்தார். இரவு பகலாக எண்களைக் கூட்டிக் களைத்த தந்தையின் சுமையைக் குறைப்பதற்காக, 1642-ம் ஆண்டளவில், 19 வயதிலே, பற்சக்கரங்களால் இயங்கும் கணிக்கும் பொறி ஒன்றை அமைக்கத் தொடங்கினார் பஸ்கால். இன்றைய கணினியின் முன்னோரில் ஒன்றாக அது எண்ணப்படுகின்றது. அந்தப் பொறியின் பின்னால் இருந்தது என்ன? தகப்பன்மீது ஒரு மகன் வைத்த அன்பு. அதே பஸ்கால் 1654-ம் ஆண்டு நவம்பர் 23-ம் நாள் இரவு பெற்ற ஆழ்ந்த இறையனுபவத்தை ஒரு தாளில் எழுதித் தம் மேலங்கியின் உட்புறத்தில் தைத்து வைத்திருந்தார். அவர் இறந்தபின்தான் பிறர் அதைக் கண்டார்கள். அவர் பிறந்து 400 ஆண்டுகள் நிறைவெய்திய 2023-ம் ஆண்டில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் பற்றித் திருத்தூது மடல் ஒன்றையே எழுதினார். கணக்கும் ஜெபமும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

கணினிப் பாடத்தில் பிள்ளை எதைக் கற்கின்றது? விசைப்பலகையைத் தட்டுவது மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம். கணினியின் உள்ளே ஓடுவது இரண்டே குறிகள்: 1, 0. அவற்றைக்கொண்டு முடிவெடுக்கும் அமைப்பை நமது பாடநூல்கள் தர்க்கப் படலை என்று அழைக்கின்றன. படலை நமது வளவு வாசலில் இருப்பதுதானே! வந்த இரண்டு குறிகளும் 1 ஆக இருந்தால் மட்டும் திறக்கும் படலை உண்டு. ஏதாவது ஒன்று 1 ஆக இருந்தாலே திறக்கும் படலையும் உண்டு. வந்ததை மறுத்துத் திருப்பிவிடும் படலையும் உண்டு. இவ்வளவு சிறிய உண்மைகளை ஒழுங்காக அடுக்கி, மனிதன் இவ்வளவு பெரிய காரியங்களைச் செய்கின்றான்.

பின்பு பிள்ளை செய்நிரல் எழுதப் பழகுகின்றது. ஒரு பெரிய வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் குழப்பமின்றி எழுதவேண்டும். ஒரு குறி தவறினாலும் நிரல் ஓடாது. கணினியை ஏமாற்ற முடியாது. அதனோடு வாதாடவும் முடியாது. "நான் எழுதியது சரி" என்று எத்தனை தரம் சொன்னாலும் பிழை பிழையாகவே நிற்கும். பிள்ளை முதலாம் வரியிலிருந்து மறுபடி வாசித்து, பிழை எங்கே என்று தேடி, தானே திருத்தவேண்டும். சகோதரரே, ஒவ்வொரு இரவும் ஆத்தும சோதனை செய்யும்படி நமது முன்னோர் நமக்குப் பழக்கினார்களே, அதற்கும் இதற்கும் உறவு இல்லையா? பிழையைப் பிறர்மேல் போடாமல் தன் வரியிலே தேடுகின்ற பிள்ளை, தாழ்ச்சி என்னும் புண்ணியத்தின் முதற்படியில் கால் வைத்திருக்கின்றது. இதை எடுத்துச் சொல்லும் ஆசிரியர், கணினிக் கூடத்திலே மறைக்கல்வியும் கற்பிக்கின்றார்.

கற்பிக்கும் வரம்

திறமையை ஏழைகளுக்குக் கற்பிப்பது திருச்சபைக்குப் புதிய வேலையல்ல. இத்தாலியின் தூரின் நகரிலே, வேலை தேடித் தெருவில் அலைந்த சிறுவர்களுக்காக, புனித டொன் பொஸ்கோ 1853-ம் ஆண்டில் செருப்புத் தைக்கும் பட்டறையையும் தையற் பட்டறையையும் தொடங்கினார். பின்னர் புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சுக்கலை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். அந்நாளில் அச்சுக்கூடம் இருந்த இடத்தில் இந்நாளில் கணினிக் கூடம் நிற்கின்றது. அவ்வளவுதான் வித்தியாசம்.

யேசு சபைக் குருவான ரொபேர்த்தோ பூசா என்பவர், புனித தோமஸ் அக்குவினாசின் நூல்களிலுள்ள ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்களுக்கு அட்டவணை செய்ய விரும்பினார். கையால் செய்து முடிக்கக் கூடிய வேலையா அது? 1949-ம் ஆண்டில் அமெரிக்காவுக்குச் சென்று ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவரைச் சந்தித்து உதவி பெற்றார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் உழைத்தபின் 56 பெரிய புத்தகங்களாக அந்த அட்டவணை வெளிவந்தது. கணினியைக்கொண்டு நூலாராய்ச்சி செய்தோரின் முன்னோடி என்று உலகம் இன்று அவரைப் போற்றுகின்றது. ஆனால் பலர் அறியாத ஒன்று உண்டு. துளையிட்ட அட்டைகளில் சொற்களைப் பதியும் வேலைக்காக, 1950-களின் நடுப்பகுதியில், கல்லராத்தே என்ற ஊரிலே அவர் ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். முன்பு வேறு தொழில் பாராத இளம் பெண்கள் பலர் அங்கே தொழில் கற்று, அந்தப் பெரும் பணியைத் தாங்கினார்கள். அவர்களின் உழைப்பை உலகம் அண்மைக் காலத்தில்தான் நினைவுகூரத் தொடங்கியிருக்கின்றது. கூடாரத்துக்கு நூல் நூற்ற கைத்திறன் மிக்க பெண்களை யாத்திராகமம் 35-ம் அதிகாரம் சொல்கின்றதே, அவர்களுடைய பெயர்களும் எழுதப்படவில்லை. ஆனால் அவர்கள் நூற்ற நூல் இல்லாமல் திரை ஏது?

இன்னுமொருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1965-ம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் ஒரு பெண்ணுக்குக் கணினி விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அந்த நாட்டில் இத்துறையில் அப்பட்டத்தைப் பெற்ற முதற் பெண் அவரே. அவர் ஒரு கன்னியர்: அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர். அப்பொழுது அவருக்கு வயது 51. "இனி எனக்கு இதெல்லாம் மண்டையில் ஏறுமா?" என்று சலித்துக்கொள்ளும் ஆசிரியர் இந்த வயதைக் குறித்துக்கொள்ளட்டும். பட்டம் பெற்றபின் அவர் எங்கே சென்றார்? அயோவா மாநிலத்தின் டுபூக் நகரில் தம் சபையார் பெண்களுக்காக நடத்திய கிளார்க் கல்லூரிக்குச் சென்று, அங்கே கணினி விஞ்ஞானப் பிரிவைத் தொடங்கினார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அதன் தலைவியாக இருந்து கற்பித்தார். பெண்கள் இக்கல்வியைப் பெறவேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். கைக்குழந்தையோடு வந்த தாய்மாரையும் வகுப்பிலே ஏற்றுக்கொண்டார் என்று அவரை நினைவுகூருவோர் சொல்கின்றனர். 1985-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஆண்டவரிடம் சென்றார்.

பெற்றோரே, "பொம்பிளைப் பிள்ளைக்கு உது எதுக்கு?" என்று இன்றும் சில வீடுகளில் கேட்கின்றது. அந்தக் கேள்விக்கு இந்தக் கன்னியரின் வாழ்வே மறுமொழி.

ஏழையின் அரைச் சேக்கல்

இனி நமது மனச்சாட்சியைத் தொடவேண்டிய இடத்துக்கு வருகின்றோம்.

யாத்திராகமம் 30-ம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. கணக்கெடுக்கப்பட்ட ஒவ்வொருவனும் அரைச் சேக்கல் வெள்ளி கொடுக்கவேண்டும். செல்வன் அதிலும் கூடக் கொடுக்கக் கூடாது; ஏழை அதிலும் குறையக் கொடுக்கக் கூடாது. அந்த வெள்ளியை என்ன செய்தார்கள் என்று 38-ம் அதிகாரம் சொல்கின்றது. திருக்கூடாரத்தின் பலகைகளைத் தாங்கும் பாதங்களை அதிலேதான் வார்த்தார்கள். பொன்னும் மாணிக்கமும் மேலே மின்னின. அடியிலே நின்று அனைத்தையும் தாங்கியது ஏழையும் செல்வனும் சமமாய்க் கொடுத்த காசு. இறைவனுடைய வீட்டில் ஏழையின் பங்கு ஓரத்திலே இல்லை; அத்திவாரத்திலே இருக்கின்றது.

நமது கணினிக் கூடத்தில் ஏழைப் பிள்ளையின் இடம் எங்கே இருக்கின்றது?

2020-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைத்தொலைபேசிக்குள் புகுந்தன. எத்தனை வீடுகளில் ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டார்கள்! எத்தனை வீடுகளில் அதுவும் இல்லை! சமிக்ஞை தேடிப் பாறைகளிலும் மரங்களிலும் ஏறிய பிள்ளைகளின் படங்களை நாம் பார்த்தோம். 2022-ம் ஆண்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நீண்டது. அக்காலத்தில் பின்தங்கிய பிள்ளைகள் எல்லோரும் திரும்பி எழுந்துவிட்டார்களா? கடற்றொழிலாளியின் மகனும் தோட்டத் தொழிலாளியின் மகளும் இன்னும் ஒரு படி கீழேதான் நிற்கின்றார்கள். வீட்டிலே கணினி உள்ள பிள்ளை வகுப்பில் முன்வரிசையில் இருந்து விசைப்பலகையைப் பிடித்துக்கொள்கின்றது. வீட்டிலே இல்லாத பிள்ளை பின்னால் நின்று எட்டிப் பார்க்கின்றது. வருடம் முடிகின்றது. கொப்பியிலே குறிப்பு இருக்கின்றது. கையிலே பழக்கம் இல்லை. இது ஆசிரியரின் கொடுமையால் நடப்பதல்ல. யாரும் கவனிக்காததால் நடப்பது. கவனிப்பதுதான் கிறிஸ்தவ கல்லூரியின் கடமை. முதலிலே விசைப்பலகையைத் தொடவேண்டியவர், வீட்டிலே அதைத் தொட வாய்ப்பில்லாதவர். இந்த ஒரு விதியை ஒரு கல்லூரி கைக்கொண்டால், அதன் கணினிக் கூடத்துக்கு வேறு கிறிஸ்தவ அடையாளம் தேவையில்லை.

"கருவி இல்லையே, என்ன செய்வது?" என்று நாம் சொல்லலாமா? 1990-களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்திலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி, வானொலி கேட்ட சனம் நாங்கள். பெற்றோலுக்கு வழியில்லாதபோது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடவைத்த சனம் நாங்கள். குப்பி விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். பெசலெயேலின் ஆவி நம்மவரை அன்று கைவிடவில்லை. படிமுறை எழுதுவதற்குத் தாளும் பென்சிலும் போதும். தர்க்கப் படலையை இரண்டு ஆளிகள், ஒரு மின்கலம், ஒரு சிறிய மின்குமிழ் கொண்டு விளக்கலாம். ஆனால் ஒன்று: பஞ்சத்திலே பிறந்த கெட்டித்தனத்தைச் சொல்லிச் சொல்லி, ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் விடுவதும் பாவம்.

பழைய மாணவரே, நீங்கள் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் கல்லூரிக்குக் கணினிகள் அனுப்பியிருக்கின்றீர்கள். உங்களுக்கு நன்றி. ஆயினும் பெயர்ப்பலகை திறந்துவைத்தபின் கணினி பழுதானால் திருத்துவது யார்? ஆசிரியருக்குப் பயிற்சி கொடுப்பது யார்? அதையும் உங்கள் தருமத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1960, 1961-ம் ஆண்டுகளின் சட்டங்களால் பெரும்பாலான கத்தோலிக்க பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்புக்குச் சென்றதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே நமது பிள்ளைகளில் மிகப் பலர் அரசாங்கப் பாடசாலைகளிலேயே படிக்கின்றனர். அவர்களை மறந்துவிடலாமா? பங்கு மண்டபம் பின்னேரங்களில் பூட்டித்தானே கிடக்கின்றது? பழைய கணினி நான்கை அங்கே வைத்து, உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் தரம் 8, 9 பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க, வயது வந்த ஒருவர் பொறுப்பாய் அமர்ந்திருந்தால், அதுவும் ஒரு கிறிஸ்தவ பாடசாலையே.

பொற்கன்றும் திருக்கூடாரமும்

மலையின்மேல் ஆண்டவர் பெசலெயேலின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்களில் அடிவாரத்தில் நடந்தது என்ன? மக்கள் தங்கள் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஆரோன் அதைக்கொண்டு பொற்கன்று செய்தான். பின்னர் திருக்கூடாரத்துக்கும் அதே மக்கள் காதணிகளையும் மோதிரங்களையும் கொண்டுவந்தார்கள். ஒரே விதமான பொன். ஒரே இனத்தின் கைவேலை. ஒன்று விக்கிரகமாயிற்று, மற்றொன்று இறைவன் தங்கும் இடமாயிற்று.

கன்றைப் பற்றி மோயீசன் விசாரித்தபோது ஆரோன் சொன்ன மறுமொழியைக் கவனியுங்கள். பொன்னை நெருப்பிலே போட்டேன், இந்தக் கன்று வெளியே வந்தது என்றான்! தான் கருவியெடுத்து உருவாக்கியதை மறைத்துவிட்டு, நெருப்பின்மேல் பழியைப் போட்டான். இன்று நாம் கேட்கும் சாட்டுக்களும் இவைதானே? "கணினி அப்படிக் காட்டிவிட்டது." "அது தானாக வந்த படம்." "செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்தது, நான் என்ன செய்ய?" எந்தக் கன்றும் தானாக வெளியே வருவதில்லை. ஒருவர் அதை விரும்பினார். ஒருவர் அதை வார்த்தார். ஒருவர் அதனால் இலாபம் பெற்றார்.

ஆதலால்தான் பாப்பரசர்கள் இதைக் குறித்து உரத்துப் பேசுகின்றனர். பாப்பரசர் பிரான்சிஸ் 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலியில் கூடிய ஏழு பெரிய நாடுகளின் மாநாட்டுக்கே சென்று, செயற்கை நுண்ணறிவைப் பற்றி உரையாற்றினார். மனிதனுடைய உயிரைப் பற்றிய தீர்ப்பை ஒரு பொறியிடம் விட்டுவிடலாகாது என்று எச்சரித்தார். 2025-ம் ஆண்டு மே மாதம் தெரிவான பாப்பரசர் 14-ம் சிங்கராயர், தாம் இந்தப் பெயரைத் தெரிந்துகொண்டதற்கு ஒரு காரணம் கூறினார். இயந்திரத் தொழிற் புரட்சிக் காலத்தில், 1891-ம் ஆண்டு, 13-ம் சிங்கராயர் தொழிலாளரின் உரிமைக்காக மடல் எழுதினார். இந்நாளில் செயற்கை நுண்ணறிவு எழுப்பும் கேள்விகளுக்கும் திருச்சபை தன் சமூகப் போதனையை வழங்கவேண்டும் என்றார். பாப்பரசர் தம் பெயரைத் தெரிந்துகொள்ளும்போதே நினைத்த காரியத்தை நமது வகுப்பறைகள் நினையாமல் இருக்கலாமா?

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிரியர் தரும் ஒப்படையைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து எழுதுவித்து, உங்கள் பெயரைப் போட்டுக் கையளிக்கின்றீர்கள். "எல்லோரும்தானே செய்கின்றார்கள்?" என்கின்றீர்கள். பிறர் உழைப்பைத் தன்னுடையது என்று சொல்வது எட்டாம் கற்பனைக்கு விரோதமான பொய். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்றும் உண்டு. பெசலெயேலின் கையில் ஆவியானவர் வைத்த ஞானம், அவன் உளியைப் பிடித்தபோதுதான் வளர்ந்தது. நீங்கள் உளியைப் பிடிக்கவே மறுத்தால் எது வளரும்? தெரியாததை விளங்கிக்கொள்வதற்கு அந்தக் கருவியிடம் கேளுங்கள், கேட்டதைச் சரிபாருங்கள், பின்பு உங்கள் சொந்த அறிவால் எழுதுங்கள். பிழையோடு எழுதினாலும் அது உங்கள் அரைச் சேக்கல். ஆண்டவர் அதை ஏற்றுக்கொள்வார்.

கண்ணாடியும் தண்ணீர்த் தொட்டியும்

கடைசியாக ஒரு சிறிய காரியம். கூடாரத்தின் முன்னே குருக்கள் தங்கள் கைகால்களைக் கழுவுவதற்கு வெண்கலத் தொட்டி ஒன்று இருந்தது. அந்த வெண்கலம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கூடார வாசலில் பணிசெய்த பெண்களின் கண்ணாடிகளிலிருந்து வந்தது என்று 38-ம் அதிகாரம் சொல்கின்றது. அக்காலத்தில் மினுக்கிய வெண்கலமே முகம் பார்க்கும் கண்ணாடி. தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்த பொருளை அவர்கள் ஆண்டவருக்குக் கொடுத்தார்கள். பெசலெயேல் அதைப் பிறர் தூய்மையாகும் தொட்டியாக மாற்றினான்.

நமது பிள்ளைகளின் கையிலுள்ள தொலைபேசியும் ஒரு கண்ணாடிதான். தன் படத்தைத் தானே எடுத்து, தானே பார்த்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மறுபடியும் பார்க்கும் கண்ணாடி. அதிலே இன்னொருத்தியின் படத்தைத் திருடி, கேலி எழுதிப் பரப்பும் பாவமும் நடக்கின்றது. வகுப்புத் தோழி ஒருத்தி பாடசாலைக்கு வரவே வெட்கப்பட்டு வீட்டில் முடங்குகின்றாள் என்றால், விளையாட்டு என்று சொல்லித் தப்பமுடியுமா? இதைப் பற்றி வகுப்பிலே வெளிப்படையாகப் பேசுவதும் கணினிப் பாடத்தின் ஒரு பகுதியாக இருக்கவேண்டும்.

இந்தக் கண்ணாடியைத் தொட்டியாக்கிய ஒரு மாணவனைத் திருச்சபை நமக்கு முன் நிறுத்தியிருக்கின்றது. 1991-ம் ஆண்டு பிறந்த கார்லோ அக்குதிஸ் இத்தாலியின் மிலான் நகரில், யேசு சபையாரின் உயர்நிலைப் பாடசாலையில் படித்தவன். கணினிச் செய்நிரலைத் தானே விருப்பத்தோடு கற்றான். அந்தத் திறமையைக்கொண்டு உலகெங்கும் நடந்த நற்கருணைப் புதுமைகளைத் திரட்டி, இணையத்தில் காட்சியாக வைத்தான். கணினி விளையாட்டும் அவனுக்குப் பிடிக்கும். ஆனால் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் என்று தானே எல்லை வகுத்துக்கொண்டான். நாள்தோறும் திருப்பலிக்குச் சென்றான். 2006-ம் ஆண்டு அக்டோபர் 12-ம் நாள், 15 வயதில், இரத்தப் புற்றுநோயால் மரணமானான். 2025-ம் ஆண்டு செப்டெம்பர் 7-ம் நாள் பாப்பரசர் 14-ம் சிங்கராயர் அவனைப் புனிதர் வரிசையில் சேர்த்தார். கணினியின் முன் அமர்ந்த ஒரு பாடசாலைப் பிள்ளை இன்று பலிபீடத்தின் மகிமையைப் பெற்றிருக்கின்றது!

ஆகவே, பெற்றோரே, பிள்ளைக்குத் தொலைபேசி வாங்கிக் கொடுத்துவிட்டு உங்கள் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். உங்களுக்கு அது விளங்காவிட்டால் பிள்ளையையே கேளுங்கள். "இதை எனக்கு ஒருக்கால் சொல்லித்தா, அப்பு" என்று தகப்பன் கேட்கும் வீட்டில், பிள்ளை ஒளித்துச் செய்யவேண்டிய தேவை குறைகின்றது. இராச்சாப்பாட்டு வேளையிலும் குடும்ப ஜெபமாலை வேளையிலும் எல்லாத் தொலைபேசிகளும், உங்களுடையதும் சேர்த்து, திருச்சுரூபத்தடியில் ஓய்வெடுக்கட்டும்.

ஆசிரியப் பெருமக்களே, நீங்கள் உத்தியோகம் பார்க்கின்றவர்கள் மட்டுமல்ல. மோயீசன் சொன்ன அந்தச் சிறிய வார்த்தை உங்களுக்குரியது. திறமை பெற்றவர்கள் பலர். கற்பிக்கும் வரம் பெற்றவர்கள் சிலர். பரீட்சைப் பெறுபேறு நல்லதுதான். ஆனால் உங்கள் மாணவர் கட்டியது கன்றா கூடாரமா, உங்கள் வகுப்பில் பின்னால் நின்ற பிள்ளை முன்னால் வந்ததா என்றும் ஆண்டவர் ஒருநாள் கேட்பார்.

ஜெபிப்போமாக.

ஞானத்தின் ஊற்றாகிய ஆண்டவரே, பெசலெயேலை உமது ஆவியால் நிரப்பியதுபோல எங்கள் கல்லூரிகளில் கற்பிப்போரையும் கற்போரையும் நிரப்பியருளும். எங்கள் பிள்ளைகளின் விரல்கள் பொய்யை எழுதாமல் உண்மையை எழுதவும், பிறரை நோகச் செய்யாமல் தாங்கவும் அருள்தாரும். ஏழைப் பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தும் நெஞ்சத்தை எங்களுக்குத் தாரும். நாசரேத்துப் பட்டறையில் உம் திருமகனுக்குத் தொழில் பழக்கிய புனித சூசையப்பரின் வேண்டுதலால், எங்கள் கைவேலை அனைத்தும் நீர் வந்து தங்கும் கூடாரமாகட்டும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகின்றோம். ஆமென்.